செத்தால் மனைவிக்கு, ஓட்டினால் கம்பெனிக்கு

நோ க்ளெய்ம் போனஸ் வைத்திருக்கும் கார்க்காரர் செத்துப்போனால், அந்தச் சலுகை அவர் மனைவிக்கோ பிள்ளைக்கோ பெற்றவருக்கோ போகும். வண்டி அவர்கள் கைக்கு வந்தால் போதும். இது என் கற்பனை அல்ல. 2002 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் 27-ஆம் பொது விதி அப்படித்தான் எழுதியது. அதே விதியில் இன்னொரு தாராளமும் உண்டு. வெளிநாட்டில் சேர்த்த போனஸுக்குச் சான்று கொண்டுவந்து, அந்த நாட்டுப் பாலிசி முடிந்த மூன்று வருஷத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால், இங்கேயும் செல்லும்.

ஆக, பரலோகம் போனாலும் செல்லும். வளைகுடா போய்வந்தாலும் செல்லும். வெள்ளானூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனிக் காரில் போய்வந்தால் மட்டும் செல்லாது.

ஒரு வெள்ளானூர்க்காரரை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பாலிசியிலேயே பெயர் இல்லாதவருக்குக் கட்டுரையில் எதற்கு? எஸ்டேட்டில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் புரொடக்‌ஷன் பக்கம் வேலை. கடன் வாங்கிச் சொந்தக் கார் வாங்கினார். காலையில் கிளம்பினால் ஆவடி–செங்குன்றம் சாலையில் காலேஜ் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும். வெளிவட்டச் சாலையிலிருந்து இறங்கும் கன்டெய்னர் லாரிக்கு எதிரே யார் வந்தாலும் கொசுதான். கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு ராங் சைடில் வருகிறவர், நம்மைத்தான் முறைப்பார். மாடுகள் யாரையும் முறைப்பதில்லை, நடு ரோட்டில் உட்கார்ந்து அசை போடும். இவற்றையெல்லாம் தாண்டி ஆவடி செக்போஸ்ட், திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி. என்று சி.டி.எச். ரோட்டில் ஊர்ந்து எஸ்டேட் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் அதே பாதையில் திரும்ப வேண்டும்.

இப்படி ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டு வருஷத்துக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதோடு படி முடிந்தது. அதுவும் நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும்தான். தேர்டு பார்ட்டி பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு சிசி காருக்கு 3,416 ரூபாய். அதில் நல்லவன் கெட்டவன் பேதமில்லை.

இந்தப் போனஸ் நன்றாக ஓட்டியதற்கான பரிசு என்று நினைத்துவிட வேண்டாம். கேட்காமல் இருந்ததற்கான பரிசு. பட்டாபிராமில் ஒரு டிப்பர் லாரி பின்னால் முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டது என்று வையுங்கள். இடித்தவன் இன்ஷூரன்ஸில் வசூலிக்க விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். பம்பருக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? சொந்தப் பாலிசியில் கேட்டால், தப்பே செய்யாதவருடைய ஐந்து வருஷ போனஸ் ஒரே கையெழுத்தில் பூஜ்யம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வாசலில் நிறுத்திய கார்கள் நின்ற இடத்திலேயே தண்ணீர் குடித்தன. ஓட்டவே இல்லை, சாவி ஆணியில் தொங்கியது. க்ளெய்ம் போட்டவர்களுக்குப் போனஸ் போயிற்று. புயல் வந்தது வண்டிக்காரரின் ஒழுக்கக்கேடு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவுகட்டியிருந்தது. போனஸைக் காப்பாற்றவும் ஒரு ஆட்‌-ஆன் விற்கிறார்கள். அதற்குத் தனிக் காசு.

இந்த ரகசியமெல்லாம் ஆக்சுவரிகளைவிட டிங்கரிங் பட்டறைக்காரருக்கு நன்றாகத் தெரியும். "சார், இதுக்குப் போய் க்ளெய்ம் போடாதீங்க. போட்டா போனஸ் மொத்தமா பூடும். நாலாயிரம் குடுங்க, சாயங்காலம் வண்டிய எடுத்துக்கங்க. பெயின்ட்டு கம்பெனி மாதிரியே மேட்ச் பண்ணித் தரேன்." நம் வெள்ளானூர்க்காரரும் கொடுத்தார். கதவுக்கு ஒரு தடவை, இடது கண்ணாடிக்கு ஒரு தடவை. இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு இன்ஷூரன்ஸைத் தொடாமல் ஐந்து வருஷம் காத்து, ஐம்பது சதவீதத்தில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவரை எழுப்பியது புரமோஷன்.

கம்பெனி கார் கொடுத்தது. வீட்டு வாசலில் இரண்டு கார் நிறுத்த வெள்ளானூரில் இடம் கிடைத்தாலும், இரண்டு கார் வைத்துக்கொள்ளச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. சொந்தக் காரை விற்றார். கொஞ்சம் விவரமான ஆள் என்பதால் ஆர்.சி. மாற்றிய காகிதத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து போனஸைத் தக்கவைக்கும் கடிதம் ஒன்று வாங்கி பீரோவில் வைத்தார். போனஸ் வண்டியோடு போவதில்லை, ஆளோடுதான் போகும் என்பதே விதி. அதனால் விற்றவர் கையில் அது மிச்சம். நல்ல விதிதான். ஆனால் அதற்கு ஆயுள் மூன்று வருஷம். பழைய பாலிசி முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் புதுப் பாலிசி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அது பழைய காகிதம்.

கம்பெனிக் கார் நாலு வருஷ லீஸ்.

மூன்றும் நாலும் தெரியாமலா இந்த விதியை எழுதியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வருஷம் சும்மா இருந்தால் ஓட்டுகிற பழக்கம் விட்டுப்போகும், அப்போது பழைய நல்ல பெயரை நம்ப முடியாது என்பது ஒரு நியாயம். சும்மா இருந்தவருக்கு அது பொருந்தும். நம்மாள் சும்மா இருக்கவில்லை. முன்பு ஓட்டியதைவிட அதிகமாக ஓட்டினார். ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், ஒசூர் என்று வெண்டர்களைத் தேடி அலைந்தார். ராத்திரி எட்டு மணிக்கு மெஷின் நின்றுவிட்டது என்று போன் வந்தால் வெளிவட்டச் சாலையின் இருட்டில் ஹைபீமை முகத்தில் அடிக்கும் லாரிகளுக்கு நடுவே போய்வந்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் பாலிசியில் இன்ஷூர்டு என்ற இடத்தில் இருப்பது கம்பெனியின் பெயர், அல்லது லீஸ் கொடுத்தவன் பெயர். அவர் காத்த நல்ல பெயர் அங்கே போய் ஏறிக்கொண்டது. இவர் கணக்கில் அந்த நாலு வருஷமும் இவர் நடந்துபோனதாகப் பதிவு.

சரி, கார் கம்பெனியுடையது, போனஸும் கம்பெனிக்கு, நியாயம்தானே என்று வாதாடும் புத்திசாலிகள் உண்டு. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. கார் கம்பெனியுடையதா, இவருடையதா என்பதை யாராவது ஒரே மாதிரி சொல்லுங்கள்.

வருமான வரித்துறையைக் கேளுங்கள். கம்பெனி செலவில் ஓடி, சொந்த உபயோகத்துக்கும் பயன்படும் 1.6 லிட்டர் வரையிலான காருக்கு மாதம் 1,800 ரூபாய், டிரைவர் இருந்தால் இன்னொரு 900 ரூபாய் இவருக்குக் கிடைத்த சுகம் என்று வருமானத்தில் சேர்க்கும் விதி ஆண்டுக்கணக்காக இருந்துவந்தது. ஆக, வரி போடும்போது கார் இவருடைய சுகம்.

டிராபிக் போலீஸைக் கேளுங்கள். கேமராவில் படம் விழுந்தால் சலான் ஆர்.சி.யில் உள்ள கம்பெனிக்குப் போகும். ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்ல வேண்டியது ஓனரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு. அந்தக் கடமையைக் கம்பெனிகள் எவ்வளவு பக்தியோடு செய்கின்றன தெரியுமா? பி.எஃப். பணத்துக்கு மூன்று ரிமைண்டர் அனுப்பினாலும் வாய் திறக்காத அட்மின், சலான் வந்த அன்றே பெயர், ஐ.டி. நம்பர், ஷிஃப்ட் எல்லாம் கண்டுபிடித்துவிடுவார். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் 1,000 ரூபாய். போன் செய்தது மேனேஜர் என்பது சலானில் வராது.

சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். க்ளெய்ம் போட்டால் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு முதல் 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் இன்ஷூரன்ஸ் தராது. பல கம்பெனிகளில் அது ஓட்டியவர் சம்பளத்தில் பிடித்தம். வண்டி யாரையாவது இடித்து ஆள் போய்விட்டால்? 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் லீஸ் கம்பெனியின் பெயர் வராது. அங்கே டிரைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

வரி, சலான், பிடித்தம், எஃப்.ஐ.ஆர்., நாலும் ஆளைத் தேடிப்பிடித்து வருகின்றன. போனஸ் ஒன்றுக்குத்தான் ஆர்.சி. புக் வேதம்.

இத்தனைக்கும் 2002-இல் அந்த டாரிஃபை எழுதிய புண்ணியவான்களில் யாரோ ஒருவர் கம்பெனிக் கார் ஓட்டியவராக இருந்திருக்க வேண்டும். அதே 27-ஆம் விதிக்குள் ஒரு மூலையில் ஒரு வாசல் வைத்திருக்கிறார். நிறுவனத்தின் பெயரில் உள்ள வண்டி ஓர் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டு அவர் மட்டுமே ஓட்டியிருந்தால், பின்னால் அந்த வண்டி அவர் பெயருக்கு மாறும்போது, அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸை அவருக்குக் கொடுக்க வேண்டும். வேண்டியது முதலாளியிடமிருந்து தகுந்த கடிதம் ஒன்று மட்டும். 2007 ஜனவரி 1-ஆம் தேதி ஓன் டேமேஜ் கட்டண விகிதங்களைக் கட்டவிழ்த்துவிட்டார்கள். பிரீமியத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க அவரவருக்குச் சுதந்திரம் வந்தது. 20, 25, 35, 45, 50 என்ற படி மட்டும் அப்படியே நிற்கிறது. கடித வாசலும் நிற்கிறதா என்று ஏஜென்டைக் கேட்டுப் பாருங்கள். "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று உங்களையே கேட்பார்.

வாசலின் அகலத்தையும் பாருங்கள். அதே வண்டியை நீங்களே வாங்க வேண்டும். லீஸ் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கினால் கிடையாது. வேலை போய்விட்டால் கிடையாது. வேலை போகிற அன்று கம்பெனி முதலில் பிடுங்குவது சாவியைத்தான். ஓட்டியது ஆள்தான், போனஸும் ஆளோடுதான் என்று சொல்லிவிட்டு, ஆளை நிரூபிக்க இரும்பைக் கூட்டிவா என்பது என்ன நியாயம்?

சரி, வண்டியையே வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டு நம்மாளைக் கடிதத்துக்கு அனுப்பிப் பார்ப்போம்.

"மேடம், ஒரு லெட்டர் வேணும். இந்த வண்டிய நாலு வருஷம் நான் மட்டும்தான் ஓட்டினேன்னு."

"எதுக்கு சார்?"

"இன்ஷூரன்ஸ் போனஸுக்கு."

"போனஸ் தீபாவளிக்கே போட்டாச்சே சார்."

விளக்கியதும், ஹெச்.ஆர். மேடம் அட்மினைக் காட்டுவார். அட்மின், "வண்டி ஃப்ளீட் பாலிசியில இருக்கு சார், ஃபைனான்ஸ்லதான் கேக்கணும்" என்பார். ஃபைனான்ஸ் லீஸ் கம்பெனியைக் காட்டும். லீஸ் கம்பெனி ஒரு கஸ்டமர் கேர் நம்பரைக் காட்டும். அந்த நம்பர் நம் அழைப்பு தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வீணை இசையோடு கால் மணி நேரம் சொல்லும். கடைசியில் விஷயம் லீகலுக்குப் போகும். அங்கே ஒருவர் 'மட்டுமே' என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போடுவார். பேஸ்மென்ட்டில் செக்யூரிட்டி வண்டியை நகர்த்தி நிறுத்தியதில்லையா? எம்.டி.யின் மச்சானை ஏர்போர்ட்டில் விட ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் எடுத்துப் போகவில்லையா? மூன்று வாரம் கழித்து வெளிவரும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'மேற்படி ஊழியர், மேற்படி வாகனத்தை, மேற்படி காலத்தில், எங்கள் அறிவுக்கு எட்டியவரை, ஓட்டியிருக்கக்கூடும். இக்கடிதம் அவரது வேண்டுகோளின் பேரில் வழங்கப்படுகிறது. இதனால் எழும் எந்தப் பொறுப்பையும் நிறுவனம் ஏற்காது. இதை இன்ஷூரன்ஸ் நோக்கங்களுக்குப் பயன்படுத்தக்கூடாது.'

மூன்று மாதம் பழகிய டிரெய்னிக்கு, 'கடும் உழைப்பாளி, நேர்மையானவர், தலைமைப் பண்பு மிக்கவர்' என்று அனுபவச் சான்றிதழ் கொடுத்த அதே கம்பெனி லெட்டர்ஹெட் இது. நேர்மைக்குப் பொறுப்பேற்கலாம், பம்பருக்கு மட்டும் முடியாது.

இதில் கம்பெனிக்கு நயா பைசா நஷ்டம் இல்லை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. வண்டி கை மாறிவிட்டது. கேட்பது நாலு வரி உண்மை. அதை மறுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது போல.

நஷ்டம் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். புதுக் காருக்கு ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். ஐம்பது சதவீதம் கையில் இருந்தால் 10,000 கட்டினால் போதும். போனஸ் செத்தவர் முழுசாகக் கட்டுவார். அடுத்த வருஷம் 20, அப்புறம் 25, 35, 45 என்று பழையபடி ஏற வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவருக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5. மொத்தம் பிரீமியத்தில் 125 சதவீதம். அதாவது 25,000 ரூபாய். பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 29,500. வண்டி பழசாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால் கணக்கு கொஞ்சம் இறங்கும். இறங்கினாலும் அது ஒரு பிள்ளையின் ஸ்கூல் டெர்ம் ஃபீஸ். ஒரே மனுஷன் இரண்டு தடவை தன்னை ஒழுங்கானவன் என்று நிரூபிக்கக் கட்டும் அபராதம்.

இது தெரிந்த கெட்டிக்காரர்கள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். பழைய காரை விற்பதில்லை. வெள்ளானூர், மோரைப் பக்கம் காலிமனையோரம் தார்ப்பாய் போர்த்திய சின்னக் கார் ஒன்று முருங்கை மரத்தடியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு டயரிலும் காற்றில்லை. அடியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பானட்டுக்குள் அணில் தேங்காய் நார் சேர்த்திருக்கிறது. வைப்பரில் ஒரு கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் ஆனவர்களுக்கு இப்போது குழந்தை எல்.கே.ஜி. போகிறது. அந்த வண்டிக்கு ஒழுங்காக வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டப்படுகிறது. ஆயிரம் சிசிக்கு உட்பட்டதற்குத் தேர்டு பார்ட்டி அதே 2022 கட்டணப்படி 2,094, வரியோடு 2,471 ரூபாய். அதற்கு மேல் ஓன் டேமேஜ். முடிந்த 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கார் யாரையும் இடிப்பதில்லை. எனவே அது மிகச் சிறந்த டிரைவர். நாலு வருஷம் அசையாமல் நின்ற தகர டப்பாவுக்கு ஐம்பது சதவீத நற்சான்று. அதே நாலு வருஷம் சி.டி.எச். ரோட்டில் ஓட்டி மனிதர்களையும் மாடுகளையும் முழுசாக விட்டுவைத்தவருக்குப் பூஜ்யம். இப்படி ஒரு முடிவைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சொன்னால் மாத்திரை கொடுப்பார்கள். இங்கே ரெனியூவல் நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

பொய் சொன்னால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது 50 என்று ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது, யாரும் தடுப்பதில்லை. பிரீமியம் வாங்கும்போது நம் வாக்கு அரிச்சந்திரன் வாக்கு. க்ளெய்ம் வரும் அன்றுதான் சர்வேயரோடு சந்தேகமும் கிளம்பி வரும். போனஸ் பற்றிய உறுதிமொழி பொய்யானால் ஓன் டேமேஜ் பலன் முழுக்கப் பறிபோகும் என்று நீங்கள் படிக்காமல் டிக் செய்த வரி, அன்றைக்குப் பெரிய எழுத்தில் தெரியும்.

பிரிட்டனில் இந்த வியாதி உண்டு, கொஞ்சம் மருந்தும் உண்டு. அங்கே இரண்டு வருஷம் உபயோகிக்காத போனஸை மதிக்காத கம்பெனிகள்தான் அதிகம். ஆனால் கம்பெனிக் கார் ஓட்டியவர், இத்தனை வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினார் என்று முதலாளியிடம் கடிதம் வாங்கிவந்தால் அதைக் கணக்கில் எடுக்கும் இன்ஷூரன்ஸ்காரர்களும் இருக்கிறார்கள். பழைய வண்டியையே வாங்கி வா என்று அவர்கள் சொல்வதில்லை. வெள்ளைக்காரனிடமிருந்து ரப்பர் ஸ்டாம்பைக் கற்றுக்கொண்டோம், டிரிப்ளிகேட்டில் எழுதக் கற்றுக்கொண்டோம். உருப்படியான ஒரு கடிதத்தை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

இதுவரை பேசியது கம்பெனி கார் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தவரின் வயிற்றெரிச்சல். அவருக்கு 29,500 போனாலும் சோறு போகாது. எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறு ஒருவரை நினைத்து. அதே எஸ்டேட் வாசலில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொருவரையும் அவரவர் தெருமுனையில் இறக்கி, உள்ளே போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, விடிய விடிய வெள்ளானூர் திரும்புகிறாரே மஞ்சள் போர்டு டிரைவர், அவர். சொந்த வண்டி கிடையாது, வாங்கப்போவதும் இல்லை. பத்து வருஷம் ஒரு உயிருக்கும் கேடு இல்லாமல் ஓட்டியிருப்பார். வண்டி ஓனருக்குக் க்ளெய்ம் இல்லாத ஃப்ளீட் என்று பிரீமியம் குறையும். அதைக் காட்டி அவர் அடுத்த கான்டிராக்ட் பிடிப்பார். டிரைவருக்குத் தீபாவளிக்குக் கால் கிலோ மைசூர்பாக்.

இன்ஷூரன்ஸ் உலகில் அந்த டிரைவருக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான சட்டப் பொறுப்பு என்று அதே 2002 டாரிஃபில் ஒரு இணைப்பு. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஓனருக்கு வரும் பாரத்தைச் சுமக்க ஒரு வருஷத்துக்கு விலை 50 ரூபாய். ஆவடி பஸ் ஸ்டாண்டில் மூன்று டீயும் ஒரு வடையும். பிரேக் பிடிக்கிற காலுக்கும், தூக்கத்தை விரட்டுகிற கண்ணுக்கும் சேர்த்து மொத்த இன்ஷூரன்ஸ் துறையும் பாலிசித் தாளில் ஒதுக்கிய வரி அது.

எந்த மாநிலத்தில் இது நடக்கிறது? 2022-இல் 64,105 சாலை விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடம் பிடித்த தமிழ்நாட்டில். அந்த ஒரே வருஷத்தில் இங்கே சாலையில் செத்தவர்கள் 17,884 பேர். இவ்வளவு சாகிற ஊரில், சாகடிக்காமல் ஓட்டுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள எந்த அலுவலகத்துக்கும் ஆசையில்லை. லைசென்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சலான் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்தப் பாலிசி என்பதை ஹைதராபாதில் இருக்கும் இன்ஷூரன்ஸ் தகவல் மையம் வண்டி நம்பர் போட்டால் சொல்லும். ஆள் நம்பர் போட்டால் இவர் எத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டினார் என்று சொல்ல ஒரு பத்தி சேர்க்கத்தான் தொழில்நுட்பம் போதவில்லையாம். சந்திரயானை நிலவில் இறக்கிய தேசம் இது.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அது தனிநபர் பாலிசிக்காரர்களுக்கானது. குழுக் காப்பீட்டையும், தனி முதலாளிக் கடையையும், குறுந்தொழிலையும் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய கம்பெனி தன் பெயரில் எடுத்த ஃப்ளீட் பாலிசி அந்தப் படியேறாது. புகார் சொல்லக்கூட ஆர்.சி. புக்கில் பெயர் வேண்டியிருக்கிறது.

எனவே ஒழுங்குமுறை ஆணையத்துக்கு: கம்பெனிக் கார் ஓட்டியவருக்கு, ஓட்டிய காலத்தில் க்ளெய்ம் இருந்ததா இல்லையா என்று ஒரு தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். அந்த வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், லீஸ் நாலு வருஷமானாலும் ஐந்தானாலும் அது செல்லட்டும். மஞ்சள் போர்டு டிரைவருக்கும் கொடுங்கள். அவர் இன்ஷூரன்ஸ் வாங்க மாட்டார், அடுத்த வேலைக்கு நாலாயிரம் சம்பளம் கூடக் கேட்க அது உதவும். ஹெச்.ஆர். மேடத்துக்கும் அட்மினுக்கும் லீகலுக்கும்: கொடுக்க இஷ்டமில்லையா, வேண்டாம். இவர் எங்கள் வண்டியை நாலு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார், அதைச் சொல்ல எங்களுக்கு மனமில்லை என்று எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள். ஏதாவது ஒரு இன்ஷூரன்ஸ்காரன் அதையாவது ஒத்துக்கொள்கிறானா என்று பார்க்கிறோம்.